தலைக்குக் குளிக்கும் நாள் குறிப்புகள்

அரப்புப் பொடியைக் கரைக்க வெந்நீர் ஆகாது, வடிகஞ்சிதான் வேண்டும். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் அத்தை இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சோறு வடித்த கஞ்சியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டி தட்டாமல் விரலாலேயே கரைப்பார். இலை வாசனை எழும்பும். எண்ணெய் ஊறிய தலையில் தேய்த்தால் நுரை பெரிதாக வராது. ஆனால் பிசுக்கு விரலுக்கடியில் கழன்று போவது நன்றாகத் தெரியும். "கஞ்சி ஊத்தாம வெறும் அரப்பப் போட்டீன்னா தலை வறவறன்னு போயிரும் கண்ணு" என்பார்.

அரப்பு என்பது உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்த தூள். மதுரைப் பக்கம் உசிலைத் தூள் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். இலையில் சபோனின் இருக்கிறது. எண்ணெயையும் அழுக்கையும் எடுப்பது அது. கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. தூள் எண்ணெயை எடுத்துக்கொண்டு போக, மாவுச்சத்து முடியின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. காய்ந்த பிறகு முடி அடர்த்தியாகத் தெரிவதும், சீப்பு தடங்கல் இல்லாமல் இறங்குவதும் அந்தப் படலத்தால்தான். கஞ்சி குளிர்ச்சி என்று அத்தை காரணம் சொல்வார். காரணம் எதுவானாலும் செய்முறை துளியும் பிசகாதது.

*

கடையில் இப்போது அரிசித் தண்ணீர் ஷாம்பு, அரிசித் தண்ணீர் சீரம், அரிசித் தண்ணீர் ஸ்ப்ரே என்று ஒரு அலமாரியே நிற்கிறது. புட்டிகளில் கொரிய எழுத்தும் சீனத்துப் பெண்களின் நீண்ட கூந்தலும். அந்தப் பெண்கள் கற்பனை இல்லை. சீனாவின் குவாங்ஷி பகுதியில் ஹுவாங்லுவோ என்ற ஊரில் சிவப்பு யாவ் இனத்துப் பெண்கள் அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவைத்துத் தலையை அலசுகிறார்கள். முடியை வாழ்நாளில் ஒரே முறை, 18 வயதையொட்டி, வெட்டுவது அவர்கள் வழக்கம். வெட்டிய முடியையும் தூக்கிப் போடாமல் கொண்டையில் சேர்த்துச் சுற்றிக்கொள்கிறார்கள். ஜப்பானில் ஹெயான் காலத்து அரண்மனைப் பெண்கள், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, தரையைத் தொடும் கூந்தலை 'யுசுரு' என்னும் அரிசி கழுநீரால் நனைத்து வாரினார்கள்.

நெல் விளைகிற பல ஊர்களில் இந்தப் பழக்கம் தானாகத் தோன்றியிருக்கிறது. நம்மிடம் இருந்ததும் அதேதான். அது குறைந்ததற்குக் காரணம் நாகரிகம் மட்டும் இல்லை, பிரஷர் குக்கர். குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது? இன்றைக்குச் செய்து பார்க்க நினைப்பவர்கள் சனிக்கிழமையோ ஞாயிறோ ஒரு வேளை பானையில் வடித்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் அரிசியை இரண்டாவது முறை கழுவிய தண்ணீரை ஒரு ராத்திரி வெளியே வைத்து எடுத்துக்கொள்ளலாம். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், வேண்டாம்.

அடிக்கடி மட்டும் ஊற்றக் கூடாது. படலத்தின் மேல் படலம் ஏறினால் முடி விறைத்துப் போகும், தலையில் வெள்ளை வெள்ளையாக உதிரும். பார்க்கிறவர்கள் பொடுகு என்று நினைப்பார்கள். வாரம் ஒருமுறை போதும். பத்து நிமிடம் வைத்து நன்றாக அலசிவிட வேண்டும்.

*

பளபளப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவது எனக்குச் சுலபமாகிவிட்டது.

முடியின் வெளித்தோலில் நுண்ணிய செதில்கள் ஓட்டுக்கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அவற்றின் வாய் நுனியைப் பார்த்து இருக்கும். செதில்கள் படிந்து கிடந்தால் விழுகிற வெளிச்சம் ஒரே திசையில் திரும்பி வருகிறது, முடி மின்னுகிறது. செதில் தூக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. அதே கருப்பு முடி சாம்பல் பூத்தது போல் மங்கிவிடுகிறது. சுருட்டை முடி எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் நேர்முடி அளவுக்கு மின்னாதது இதனால்தான். வளைவுகளில் வெளிச்சம் சிதறும். சுருட்டை முடிக்காரப் பெண்களைப் பார்த்து "முடி காய்ஞ்சு கெடக்கே" என்று சொல்வதை நிறுத்த வேண்டும்.

விரலால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒற்றை முடியை எடுத்து வேரிலிருந்து நுனிக்கு இரண்டு விரல்களால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் லேசாகப் பிடிக்கும், சிலசமயம் கீச்சென்று சத்தம்கூட வரும். செதிலின் வாய் அது. எதைப் புதிதாகத் தேய்த்தாலும் நான் பார்ப்பது இந்த இரண்டு இழுப்புக்கும் உள்ள வித்தியாசம் குறைந்ததா என்றுதான். கண்ணாடி முன் நிற்பதை விட இது நம்பகமானது. குளியலறை விளக்கில் எல்லா முடியும் மின்னும்.

இன்னொன்று. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். இடுப்பு வரை, 60 சென்டிமீட்டர் நீளம் இருப்பவருக்கு நுனிமுடிக்கு வயது ஐந்து. ஐந்து வருட வெயிலும் சீப்பும் சோப்பும் பட்ட முடி அது. வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. அதற்கு உணவூட்டுவது, வைட்டமின் கொடுப்பது என்று லேபிளில் எழுதியிருப்பதெல்லாம் நடக்காத காரியம். அதன் மேல்புறத்தைப் பாதுகாக்கலாம், வழவழப்பாக்கலாம். அவ்வளவு செய்ய முடிவதே பெரிய விஷயம், செய்யத் தகுந்த விஷயம்.

*

தண்ணீர்.

சென்னையில் போர் தண்ணீர் உள்ள வீட்டுக்குக் குடிவந்த பெண்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஷாம்புவை மாற்றுவார்கள். முடி சொரசொரக்கிறது, கொட்டுகிறது என்பார்கள். ஷாம்பு மேல் குற்றமில்லை. உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிகின்றன. சோப்புக் கட்டி போட்டுத் தலை குளிப்பவர்களுக்கு இன்னும் மோசம்; சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத பிசினாகி இழைகளில் ஒட்டிக்கொள்ளும். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிவதும் தலையில் படிவதும் ஒரே சமாச்சாரம்.

கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீர் பிடித்து வைத்ததையோ, மெட்ரோ தண்ணீரையோ, ஒரு பெரிய சொம்பு குடிதண்ணீரையோ ஊற்றிப் பார்க்கச் சொல்கிறேன். எந்தப் புட்டியும் வாங்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். நான் பார்த்தவரை இதற்கு அடுத்தபடிதான் மற்ற எல்லாம்.

*

வினிகர் அலசலை முதன்முதலில் கேள்விப்பட்டபோது வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஊறுகாய் வாடை அடிக்கும் என்று மகள் சொன்னாள். அடிக்கும், தலை காயும் வரை. காய்ந்தபின் இல்லை.

ஒரு மக் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். ஷாம்பு போட்டு அலசிய பிறகு நுனிகளில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, தண்ணீர் ஊற்றிவிடலாம். காரத்தில் முடி ஊதிச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். அமிலத்தில் அவை படியும். அதோடு கால்சியப் படிவையும் அமிலம் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. உப்புத்தண்ணீர்க்காரர்களுக்கு இதில் கிடைக்கும் பலன் கண்கூடு. எலுமிச்சையும் இதையே செய்யும். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போகக் கூடாது. நெற்றியிலும் கழுத்திலும் தீப்புண் போலக் கருத்துவிடும் ஆபத்து உண்டு. புளித்த மோரை விட்டுத் தலை அலசுவது கிராமங்களில் வெகு சாதாரணம். அதுவும் அமிலந்தான், இன்னும் மிருதுவானது.

இதற்கு நேர் எதிர், ஆப்பசோடா. தலையில் ஆப்பசோடா தேய்த்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று வெளிநாட்டுப் பெண்களிடமிருந்து நமக்கு ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. சுத்தமாகும் என்பது உண்மை. அது காரம். செதில்களை எழுப்பிவிடும், ஒன்றோடொன்று உரசும், சிக்கு விழும். இட்லி மாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிரேசில் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 123 ஷாம்புகளை வாங்கிச் சோதித்து 2014இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் 38 சதவீதம் மட்டுமே அமிலகார அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தன. தலைத்தோலுக்கு ஒத்துக்கொள்கிற அளவு அது. முடியின் தண்டுக்கு அதைவிடவும் குறைவாக, 3.7க்குப் பக்கத்தில். குளிக்கும் சோப்புக் கட்டி 9, 10 என்று இருக்கும். ஷாம்பு புட்டியில் எத்தனையோ எழுதுகிறார்கள், இந்த ஒரு எண்ணைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. எழுத வேண்டும், நாமும் கேட்க வேண்டும்.

*

முட்டை. வெள்ளைக்கருவின் புரதம் முடிக்குள் போகும் அளவுக்குச் சிறியது இல்லை, மேலே காய்ந்து ஒட்டும். மஞ்சள்கருவில் கொழுப்பும் லெசிதினும் உண்டு, வழவழப்பு அதிலிருந்து வருகிறது. வெந்நீரில் அலசினால் தலையிலேயே வெந்து திப்பிதிப்பியாக நிற்கும். பச்சைத் தண்ணீர்தான். மயோனைஸ் தடவுவது என்பதும் முட்டை, எண்ணெய், வினிகர் மூன்றையும் சேர்த்துத் தடவுவதே. மூன்றுக்கும் தனித்தனியாக இதைவிட நல்ல வழி இருக்கிறது.

வாழைப்பழம் வேண்டாம். எவ்வளவு மசித்தாலும் துணுக்குகள் முடியில் மாட்டிக்கொண்டு காய்ந்த பிறகு வாரினால்தான் வரும்.

பியர். அமெரிக்காவில் 1970களின் இறுதியில் மூன்றில் ஒரு பங்கு பியர் கலந்த 'பாடி ஆன் டேப்' என்ற ஷாம்புவைப் பெரிய கம்பெனியே விற்றது. இங்கே பார்க் அவென்யூ பியர் ஷாம்பு ஆண்களிடம் நன்றாகப் போகிறது. நுரை அடங்கக் கிண்ணத்தில் ஊற்றி வைத்த பியரில் தலையை அலசினால் முடி கனத்துத் தெரியும், நிற்கும். பார்லியின் மாவுச்சத்தும் சர்க்கரையும் புரதமும் படலமாகப் படிவதால். வடிகஞ்சி செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. டாஸ்மாக் வாசலுக்கு ஆள் அனுப்ப வேண்டிய தேவை இல்லை.

*

தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது குதிரைப் படம் போட்ட ஷாம்பு கொண்டுவந்தாள். மேன் அண்ட் டெயில். குதிரையின் பிடரிக்கும் வாலுக்கும் என்றே செய்தது. குதிரை வளர்ப்பவர்கள் தங்கள் தலையிலும் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்ல, பிறகு கம்பெனியே மனிதர்களுக்கான செய்முறையையும் லேபிளில் அச்சடித்தது. வீட்டில் பாட்டி அந்தப் புட்டியைத் தொடக்கூட மறுத்துவிட்டார்.

போட்டுப் பார்த்ததில் முடி மிருதுவாகவே இருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அழுக்கெடுக்கும் பொருளும் வழவழப்பாக்கும் பொருளும் மனித ஷாம்புவில் இருக்கும் அதே வகைதான். குதிரையின் தோல் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது என்பதால் குதிரைக்கு மட்டுமே என்று செய்யப்பட்ட மற்ற ஷாம்புகள் நமக்குத் தோதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தலைத்தோல் சீக்கிரம் அரிக்கிறவர்கள் விலகி நிற்பது நல்லது. முடி வளரும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு: வளர்ச்சி வேரில் நடப்பது. எந்த ஷாம்புவும் இரண்டு நிமிடம் தலையில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது.

*

குதிரை ஷாம்புவை விடுங்கள், விசித்திரம் என்று எதைச் சொல்வது? கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று யோசித்த காலத்தில், கூலிவேலை செய்யும் குடும்பங்களுக்கு ஷாம்புவே விசித்திரம். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு. கிராமம் கிராமமாக வண்டி போயிற்று. பள்ளிக்கூடப் பையன்களை உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, கூட்டத்தில் இருப்பவர்களை அந்தத் தலையைத் தொட்டுப் பார்க்க, முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும் இருந்தது.

தொட்டுப் பார்க்கச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விளம்பரத்தில் கூந்தல் ஆடுவதைக் காட்டுவதற்கும் பக்கத்து வீட்டுப் பையன் தலையைத் தடவிப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதே கம்பெனி பிறகு மீராவையும் கார்த்திகாவையும் விற்றது. சீயக்காயிலிருந்து ஷாம்புவுக்குப் போனவர்கள் ஒரு தலைமுறைக்குள் பாக்கெட் சீயக்காய்க்குத் திரும்பி வந்தார்கள்.

*

செம்பருத்தித் தாளி. நான் செய்து பார்த்தவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தியின் இலை வேண்டும். முற்றிய இலையாக இரண்டு கைப்பிடி. கழுவி, ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கையாலும் கசக்கிப் பிழிய வேண்டும். முதலில் வெறும் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்கும். விடாமல் கசக்கினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கனக்கத் தொடங்கும், கையை எடுத்தால் விரல்களிலிருந்து கயிறாக இறங்கும். அதுதான் பதம். மிக்சியில் அடிக்கலாம், ஆனால் இலைத்தூள் நைந்து வடிகட்டியில் இறங்கிவிடும். பிறகு தலையில் பச்சைப் பச்சையாகப் பொறுக்க வேண்டியிருக்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் தெளிவாக வரும்.

எண்ணெய் தேய்த்த தலையில் இதையே சீயக்காய்க்குப் பதில் தேய்ப்பவர்கள் உண்டு. எண்ணெய் அதிகம் என்றால் முழுதும் போகாது. முதலில் கொஞ்சம் சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு தாளியை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுவதே எனக்குத் தோதாக இருக்கிறது. அப்போதே விரலை விட்டுச் சிக்கு எடுத்துவிட வேண்டும். எடுக்கிற வேலையே இருக்காது, அதுவாகப் பிரியும். அலசும்போது முடியில் வழவழப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தால் விட்டுவிடலாம்.

வெந்தயம், கற்றாழை, ஆளிவிதை, வெண்டைக்காய் எல்லாம் இந்தக் குடும்பம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பசைச்சத்து எல்லாவற்றிலும் இருக்கிறது. வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டு அரைத்தால் முடிக்கு நல்லதுதான்; ஆனால் அந்த வாசனை இரண்டு நாள் தலையணையில் நிற்கும், தோல் தூள்களும் மாட்டும். ஊறிய தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து வடிகட்டிப் பயன்படுத்தினால் தொல்லை இல்லை. சளி பிடிக்கிற உடம்புக்காரர்கள் எதையும் அரை மணி நேரத்துக்கு மேல் தலையில் வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு மடங்கு பலன் என்பது கிடையாது.

*

தேங்காய் எண்ணெயைப் பற்றி வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல எழுதுகிறார்கள். நமக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு: எப்போது தேய்ப்பது என்பது.

2003இல் மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தலை அலசும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது, முடித் தண்டுக்குள்ளேயே போகிறது. மற்ற இரண்டும் மேலே நின்றுவிடுகின்றன. அவர்கள் வேலை பார்த்தது பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ கம்பெனியில் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்; இருந்தாலும் எண்ணெய் உள்ளே போவதை அமெரிக்க ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து கருவி வைத்துக் காட்டியிருக்கிறார்கள், அதனால் நம்புகிறேன்.

நனையும்போது முடி ஊதும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் செதில் கொஞ்சம் தளரும். உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குறைவாகவே நுழைகிறது. ஆகவே குளிப்பதற்கு முன் தேய்த்த எண்ணெய்தான் பாதுகாப்பு. குளித்துவிட்டு வழிய வழியத் தடவிப் பின்னல் போடுவது வேறு காரியம், அதில் தூசிதான் சேரும். செவ்வாய் வெள்ளி பெண்களும் சனிக்கிழமை ஆண்களும் எண்ணெய் தேய்த்துக் குளித்த முறையில் வரிசை சரியாக இருந்தது: முதலில் எண்ணெய், பிறகு தண்ணீர்.

விளக்கெண்ணெய் பற்றி எச்சரிக்கை. நீளக் கூந்தலில் அதை அப்படியே நிறைய ஊற்றக் கூடாது. 2017இல் இந்திய மருத்துவர்கள் எழுதிய ஒரு நிகழ்வு: இருபது வயதுப் பெண், நீண்ட முடி, தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து தேய்த்துக் குளித்தார். உடனே முடி முழுவதும் ஒன்றோடொன்று பின்னி, கல் போல இறுகிவிட்டது. எந்தச் சீப்பும் இறங்கவில்லை. வெட்டத்தான் வேண்டியிருந்தது. அரிதாக நடப்பது. ஆனாலும் அத்தனை வருடம் வளர்த்த முடி அது. புருவத்துக்கு ஒரு சொட்டு என்றால் தாராளமாக.

*

சின்ன வெங்காயச் சாறு. இதைத் தடவினால் முடி முளைக்கும் என்பதற்குப் பாக்தாத்தில் 2002இல் நடந்த ஒரு சிறிய ஆய்வு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அதில் கலந்துகொண்டவர்கள் புழுவெட்டு நோய்க்காரர்கள், வட்ட வட்டமாக முடி போனவர்கள். சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி திரும்ப முளைத்தது. நல்ல செய்திதான். பளபளப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, சாதாரண முடி உதிர்வுக்கும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்களையும் நினைக்க வேண்டும்.

*

துணிக்குப் போடும் மிருதுவாக்கியைச் சவுரியில் போட்டுப் பிரித்தெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறது. தலையில் போடும் கண்டிஷனரும் துணி மிருதுவாக்கியும் வேதியியலில் உறவுமுறை. இரண்டிலும் நேர்மின்னேற்றம் உள்ள கொழுப்புப் பொருள் இருக்கிறது. அடிபட்ட முடியின் மேல்புறத்தில் எதிர்மின்னேற்றம் அதிகம். ஆகவே எங்கே முடி கெட்டிருக்கிறதோ அங்கேயே போய் ஒட்டும். உயிருள்ள தலைக்குத் துணி மிருதுவாக்கி கூடாது, அதன் வாசனையும் செறிவும் தோலுக்கு ஆகாது. ஆனால் சாதாரண விலைக் கண்டிஷனரே போதும் என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். நுனிக்குத்தான் தேவை. வேரில் தேய்த்தால் முடி சப்பென்று படுத்துவிடும்.

*

சவுரி என்றதும் ஞாபகம் வருகிறது. தெருவில் சைக்கிளில் வந்து, சீப்பில் உதிர்ந்த முடிக்குப் பாத்திரமோ காசோ கொடுப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். பழனியிலும் திருப்பதியிலும் மொட்டையடிக்கும் முடிக்கு விலை அதிகம். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காக இருக்கும், செதில்கள் எல்லாம் ஒரே திசையில் பார்க்கும். சீப்பு முடி அப்படி இல்லை. தலைகீழாகக் கலந்து கிடக்கும், செதிலும் செதிலும் எதிரெதிராக மாட்டிச் சிக்கு விழும். அதைச் சரிசெய்ய அமிலத்தில் ஊறவைத்துச் செதில்களையே நீக்கிவிட்டு, மேலே சிலிக்கோன் பூசுகிறார்கள். கடையில் தொங்கும்போது அந்த முடிதான் எல்லாவற்றையும்விட அதிகமாக மின்னும். சில முறை அலசியதும் பூச்சு போய், அடியில் இருக்கும் மொட்டை நார் தெரிந்துவிடும்.

சீரம் என்ற பெயரில் நாம் தடவுவதும் சிலிக்கோன்தான். கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நம் செதில்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவற்றின் மேல் ஒரு பூச்சு. விசேஷ வீட்டுக்குப் போகும் நாளில் இரண்டு சொட்டு நல்ல பொருள். ஆனால் கடைக்காரர் உடனே காட்டும் மினுக்கை வைத்து முடியின் நலத்தை எடைபோட முடியாது என்பதற்குச் சவுரியைவிட வேறு சாட்சி வேண்டாம்.

*

பார்லரில் செய்யும் கெராட்டின், ஸ்மூத்தனிங். கல்யாணத்துக்கு முன் எல்லாப் பெண்களும் கேட்கிறார்கள். க்ரீமைத் தடவி இரும்பை வைத்து இழுக்கும்போது புகை வந்து கண் எரிந்தால் அது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. சூடுபட்டால்தான் வெளிவரும் என்பதால் புட்டியில் அந்தப் பெயர் இல்லாமலும் இருக்கலாம். 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று வருபவற்றில் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம். 2024இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட குறிப்பு: 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று மூன்று முறையும் இந்த அமிலம் உள்ள க்ரீமால் முடியை நேராக்கிய அன்றே வாந்தி, முதுகுவலி, சிறுநீரகப் பாதிப்பு. தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகமாகச் சேர்வதை எலிகளில் செய்து காட்டினார்கள்.

வடிகஞ்சியையும் செம்பருத்தியையும் விசித்திரம் என்று சொல்லிவிட்டு இதைச் சாதாரணம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். என் மகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த நாற்காலியில் உட்காரவே வேண்டாம்.

*

அடுத்து, முன்பு சொன்ன பசைச்சத்துக் குடும்பத்து வெண்டைக்காய். பிஞ்சு ஆறேழு, வட்டமாக நறுக்கி இரண்டு டம்ளர் தண்ணீரில் கொழகொழப்பு இறங்கும் வரை கொதிக்கவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டிவிட வேண்டும், ஆறினால் இறங்காது. ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கலந்தால் பிரிந்து மிதக்கிறது. எண்ணெயை முந்தின இரவே தலையில் தேய்த்துவிட்டு இதைத் தனியாகப் போடுவது மேல். செம்பருத்தித் தாளியைவிடக் கெட்டி, தலையில் நிற்கிறது, சொட்டுவதில்லை. வாசனை கிட்டத்தட்ட இல்லை. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் புளித்து நீர்த்துவிடும். செம்பருத்திச் செடி வைக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.